குத்தகை வீடும் கால நீட்டிப்பும்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்வோர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றிருப்பின், ஊரை அடையாளம் காணத் திகைப்பர். ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர்கள் அவை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது. 1998இல் அதன் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் எனத் தொழில் வட்டம் விரிந்துகொண்டே செல்கிறது.

இத்துணைப் பெரிய நிறுவனங்கள் யாவும் தாம் நிற்கும் நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டன என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட், தன் தொழிற்பூங்காக்களில் மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கே ஒதுக்குகிறது. மனையின் மதிப்பை நிறுவனம் தொடக்கத்திலேயே மொத்தமாகச் செலுத்துகிறது. ஆண்டு வாடகை பெயரளவுக்கு உள்ளது. நிலத்தின் உடைமை சிப்காட்டிடமே இருக்கிறது. குறித்த காலத்துள் தொழில் தொடங்காவிடில் ஒதுக்கீடு ரத்தாகும். உழவர் கொடுத்த நிலம் என்றென்றைக்கும் போயிற்று. பெற்றுக்கொண்ட ஆலைக்கோ அது எண்ணப்பட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கிட்டிற்று. இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஆலைகளின் குத்தகையை ஆலைகளின் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வர். நமக்கு அக்கறை, அவ்வாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் குடியேறும் வீடுகளைப் பற்றியது. இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமும் அத்தகைய பிள்ளை ஒருவரே.

நம் துறையில் பயின்று, பின்னர் தொழிற்பயிற்சியும் பெற்று, ஒரகடம் பக்கத்து ஆலையொன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர், 2024இல் ஒரு மாலையில் இக்கட்டுரையாளரின் இல்லத்திற்கு வந்தார். கையில் பத்திர நகல் ஒன்று. "ஐயா, படப்பை பக்கத்துல ஒரு அடுக்ககம். பக்கத்து வீடெல்லாம் விக்கிற விலைல பாதிதான் கேக்கறாங்க. லீசுன்னு சொல்றாங்க. முப்பது வருஷம். அப்புறம் நீட்டிச்சுக்கலாமாம். பத்திரத்துலயே எழுதியிருக்கு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். செலுத்தவிருந்த பணம் அவர் தந்தை ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை முழுவதும். மறுநாள் முன்பணம் கொடுப்பதாக வாக்களித்திருந்தார்.

தமிழாசிரியனிடம் சட்டம் கேட்பானேன் என்று எண்ணாதிருக்க இயலவில்லை. ஆயினும் பத்திரம் தமிழில் இருந்தது. படித்துப் பார்க்கையில், அவர் கேட்க வந்தது தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்பது விளங்கிற்று.

ஒரு சொல், மூன்று பொருள்

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘லீஸ்’ என்னும் சொல் நம் நாட்டு வழக்கில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்களில் ஆளப்படுகிறது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ‘லீசுக்கு வீடு’ என்று பலகை மாட்டியிருப்பின், பெரும்பாலும் அது ஒத்தி அல்லது போக்கியத்தைக் குறிக்கும். குடியேறுபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பார். மாத வாடகை இல்லை. தவணை முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுவார். அனுபவிக்கும் உரிமை, கொடுத்த பணத்திற்கு வட்டியாக அமைகிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் முறையான போக்கியத்தை அடமானங்களுள் ஒருவகையாகவே வைத்துப் பேசுகிறது.

இரண்டாவது, மாத வாடகை. பதினொரு மாதத்திற்கு எழுதப்படும் ஒப்பந்தத்தையும் ‘லீஸ் அக்ரிமெண்ட்’ என்றே சொல்கிறோம். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் விதித்ததால், அதனைத் தவிர்க்கத் தோன்றிய வழக்கமே அப்பதினொரு மாதக் கணக்கு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், கால அளவு எதுவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு பெறவேண்டும் என்கிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

மூன்றாவதே நெடுங்காலக் குத்தகை. மேற்சொன்ன சட்டத்தின் 105ஆம் பிரிவு, விலை அல்லது வாடகை பெற்றுக்கொண்டு, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை ஒரு காலத்திற்கு மாற்றிக் கொடுப்பதே குத்தகை என வரையறுக்கிறது. இங்கே கைமாறுவது சொத்து அன்று. சொத்தை அனுபவிக்கும் ஆண்டுகள். இதில் கொடுத்த பணம் திரும்பி வாராது. ஒத்தியில் தவணை முடிந்தால் பணம் கையில் இருக்கும், வீடு போகும். குத்தகையில் காலம் முடிந்தால் இரண்டும் இல்லை.

நம் மாணவரின் தாயார் இதனை ஒத்தி என்றே கருதியிருந்தார். ‘முப்பது வருஷம் கழிச்சுப் பணத்தத் திருப்பிக் கொடுப்பாங்கல்ல?’ என்று அவர் வீட்டில் கேட்டதாக மாணவர் சொன்னபோது, அச்சொல் எத்துணைக் குடும்பங்களை இவ்வாறு மயக்கியிருக்கும் என்று தோன்றிற்று.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள மாணவமணிகளுக்கு இடையில் ஒரு செய்தி. நிலவருவாய் பற்றிய நம் வழக்குச் சொற்களுள் வாரிசு, அசல், நகல், வசூல், மிராசு ஆகியன அரபு மூலமுடையவை. குத்தகையைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய ‘இஜாரா’வும் நவாபு காலத்து வருவாய் வழக்கில் பயின்றது. ‘குத்தகை’ அதனைக் கடந்து நின்றுவிட்டது.

கொடுத்தவரே குத்தகைதாரர் ஆன வரலாறு

குத்தகையும் அதன் புதுப்பிப்பும் இவ்வட்டாரத்திற்குப் புதியன அல்ல. காஞ்சிபுரம், மணிமங்கலம் முதலிய பகுதிகள் அடங்கிய நிலப்பரப்பை 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். பிற்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டம் அதிலிருந்து உருவாயிற்று. வழங்கிய பின், அதே நிலத்தின் வருவாயை நவாபே கும்பினியிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அக்குத்தகை அவ்வப்போது புதுப்பிக்கப்பெற்று வந்தது. 1780இல் கும்பினி நிருவாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நிலத்தைக் கொடையாக அளித்த ஆட்சியாளரே குத்தகைதாரர் என்ற நிலைக்கு வந்தபின், புதுப்பிப்பதும் மறுப்பதும் மறுதரப்பின் விருப்பமாயிற்று.

நெடிய காலம் குறித்துவிட்டால் பிணக்கு நேராது என்பதும் இல்லை. முல்லைப் பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் 1886 அக்டோபர் 29இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 999 ஆண்டுக்கானது. ஏறத்தாழ 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய் என்று எழுதினர். ஆயிரம் ஆண்டுக்கும் அதுவே வாடகை என்பது நிலைக்கவில்லை. 1970இல் துணை ஒப்பந்தம் செய்து ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினர். கால அளவைப் போலவே வாடகையைத் திருத்தும் முறையும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும் என்பதற்கு அது சான்று.

99 என்னும் எண் ஏன்? இங்கிலாந்து வழக்கம் நம் ஆவணங்களில் படிந்தது ஒரு காரணம். நடைமுறைக் காரணம் ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. முத்திரைத் தீர்வை அட்டவணை குத்தகைகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: 30 ஆண்டிற்கு உட்பட்டவை, 99 ஆண்டு வரையிலானவை, அதற்கு மேற்பட்டவையும் நிரந்தரக் குத்தகையும். தீர்வை விகிதம் முறையே ஒன்று, நான்கு, ஏழு விழுக்காடு என ஏறுகிறது. நூறாம் ஆண்டு சேர்ந்தால் விற்பனைப் பத்திரத்தின் அளவுக்குத் தீர்வை உயர்ந்துவிடும். எனவே தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

கரையும் சொத்து

குத்தகை வீட்டின் இயல்பு, அது நாள்தோறும் கரைவது. சொந்த மனையின் மதிப்பு காலப்போக்கில் ஏறக்கூடும். குத்தகையிலோ ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஓராண்டு கழிகிறது. 99 ஆண்டுக் குத்தகையில் முதல் இருபது ஆண்டுக்கு அந்தக் கரைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. முப்பது ஆண்டுக் குத்தகையில் பத்தே ஆண்டில் தெரிந்துவிடும். வாங்க வருபவர் எஞ்சிய ஆண்டுகளைக் கேட்பார். வங்கியும் கேட்கும், கடன் தீரும் நாளுக்குப் பின்னும் கணிசமான குத்தகைக் காலம் எஞ்சியிருக்கவேண்டும் என்பது கடன் வழங்குவோர் பொதுவாக எதிர்பார்ப்பது. ஆதலின் கடைசி ஆண்டில் நீட்டிப்புக் கேட்பது, மருந்தைக் கடைசி மூச்சில் தேடுவதற்கு ஒப்பாகும்.

ஹாங்காங்கின் வரலாறு இதனைப் பெரிய அளவில் காட்டுகிறது. அதன் புதிய பிரதேசங்களைச் சீனாவிடமிருந்து பிரிட்டன் 1898 ஜூலை முதல் 99 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்றது. முடிவு 1997இல். ஆனால் கவலை 1970களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அப்பகுதியில் தனியார்க்கு வழங்கிய மனைக் குத்தகைகள் யாவும் 1997ஐத் தாண்டிச் செல்ல இயலாதவை. நீண்டகாலக் கடனுக்கு அவை எவ்வாறு ஈடாகும் என்னும் கேள்வி எழுந்தது. 1979இல் ஆளுநர் மெக்லிஹோஸ் பெய்ஜிங் சென்றபோது இக்கேள்வியைத்தான் முன்வைத்தார். 1984ஆம் ஆண்டுக் கூட்டறிக்கையில் மனைக் குத்தகைகளை 2047 வரை நீட்டிக்க வழி காணப்பட்டது.

நம் சிப்காட் குத்தகைகளோ 1970களில் தொடங்கியவை; அவற்றுள் மிக மூத்தவையும் 2070களில்தான் முதிரும். 1996இல் தொடங்கிய குத்தகை 2095இல் முடியும். முழுக்காலமும் ஓடி முடிந்த சிப்காட் குத்தகை ஒன்றையும் தமிழ்நாடு இன்னும் கண்டதில்லை. இடையில் கைமாறியவற்றைக் கண்டிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி, வரித் தகராறுக்கிடையே 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலையைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது; 2019இல் அச்செய்தி வெளியாயிற்று. குத்தகை நிலத்து ஆலை இவ்வாறு கைமாறும்போது புதியவருக்குச் சேர்வது கட்டடமும் எஞ்சிய ஆண்டுகளுமேயன்றி மண் அன்று.

நீட்டிப்பும் புதுப்பிப்பும்

இனிக் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். பேச்சு வழக்கில் நீட்டிப்பு, புதுப்பிப்பு என்னும் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். நம் உச்ச நீதிமன்றம் இரண்டையும் வேறுபடுத்துகிறது. நீட்டிப்பு என்பது பழைய குத்தகையே தொடர்ந்து ஓடுவது. புதுப்பிப்பு என்பது பழையது முடிந்து புதிய குத்தகை பிறப்பது. அதற்குப் புதிய பத்திரம் வேண்டும். உத்தரப் பிரதேச அரசு தொடர்பான வழக்கொன்றில், 1887இல் ஐம்பது ஆண்டுக்கு அளிக்கப்பட்டு, 1937இல் மேலும் ஐம்பது ஆண்டுக்குத் தொடர்ந்த மனையைப் பற்றி 2003இல் தீர்ப்பளித்த அந்நீதிமன்றம், புதுப்பிக்கும் உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் அது மதிக்கப்படவேண்டும் என்றது. அதே வேளையில், அந்த வாசகமே திரும்பத் திரும்ப உயிர்பெற்றுக் குத்தகையை முடிவற்றதாக ஆக்கிவிடாது என்றும் விளக்கிற்று.

ஆக, எல்லாம் பத்திர வாசகத்தில் இருக்கிறது. நம் மாணவரின் பத்திரத்தில் இருந்த வாசகம் ஏறத்தாழ இது: காலக்கெடு முடிந்தபின் இருதரப்பாரும் கலந்து பேசி, அன்றைய நிலவரப்படி குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

‘கொள்ளலாம்’ என்பதைக் கொள்ளல் + ஆம் என்று பிரித்துக் காட்டலாம். செய்வதற்குத் தடையில்லை என்பதே அதன் பொருள். செய்தே தீரவேண்டும் என்னும் கடமை அதில் இல்லை. இருதரப்பாரும் இசைந்தால் புதுப்பிக்கலாம். ஒருவர் இசையாவிடில் இல்லை. இத்தகைய வாசகம் எழுதப்படாமலே இருந்தாலும் நிலை அதுதான். இருவர் மனமொத்துப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்வதை யார் தடுக்கப் போகிறார்கள்? அன்றியும், கால அளவோ வாடகையோ குறிக்காமல், பின்னர்ப் பேசிக்கொள்வோம் என்று விடப்படும் உடன்பாடு உறுதியற்றது. பொருள் உறுதியாகாத ஒப்பந்தம் செல்லாது என 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. மாணவர் பெருந்துணையாக நம்பிய அவ்வரி, அவருக்கு எதனையும் தரவில்லை.

உரிமை தரும் வாசகம் வேறுவகையாக இருக்கும். குத்தகைதாரர் காலம் முடிவதற்கு இத்தனை மாதம் முன்னதாக எழுத்தில் விருப்பம் தெரிவித்தால், உடைமையாளர் மேலும் இத்தனை ஆண்டுக்கு, இன்ன முறையில் கணக்கிட்ட வாடகைக்குப் புதுப்பித்துத் தரக் கடமைப்பட்டவர். அக்கடமை அவருடைய வாரிசுகளையும், அவரிடம் வாங்குவோரையும் கட்டுப்படுத்தும். இதில் யார் கேட்பது, எப்போது கேட்பது, எவ்வளவு காலம், என்ன விலை, யாரைக் கட்டுப்படுத்தும் என்னும் ஐந்தும் அடங்குகின்றன. ஒன்று குறைந்தாலும் வழக்கு மன்றத்திற்கு வாயில் திறந்தாயிற்று. இவ்வாறு நன்கு எழுதப்பட்ட உரிமையும், அறிவிப்பு அனுப்பவேண்டிய நாளைத் தவறவிட்டால் கைநழுவிப் போகலாம். பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நம் குடும்பங்கள், அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதில்லை.

விருப்புரிமை எப்பக்கம் உள்ளது என்பதற்குத் திருமறையில் வரும் ஓர் உடன்பாடு நினைவுக்கு வருகிறது. மத்யன் நகரில் மூஸா நபி (அலை) அவர்கள் எட்டு ஆண்டுகள் பணிபுரிய ஒப்புக்கொண்டார்கள். அதனைப் பத்தாக நிறைவு செய்வது அவர்களுடைய விருப்பத்திற்கே விடப்பட்டது. எட்டு என்னும் எண்ணும், பத்து என்னும் எண்ணும், யாருடைய விருப்பம் என்பதும் அங்கே தெளிவாக உள்ளன. கால அளவும் கூலியும் அறியப்பட்டிருத்தல் இஜாரா ஒப்பந்தத்திற்கு இன்றியமையாதது என மார்க்கச் சட்ட அறிஞர்கள் வலியுறுத்தியதும் இத்தெளிவு கருதியே.

புதுப்பிக்காமல் தொடர்ந்து குடியிருந்தால் என்ன ஆகும்? காலம் முடிந்தபின் உடைமையாளர் வாடகையை ஏற்றுக்கொண்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 116ஆம் பிரிவுப்படி குத்தகை மாதவாரியாகவோ ஆண்டுவாரியாகவோ தொடர்வதாகக் கொள்ளப்படும். முப்பது ஆண்டுக்குப் பணம் கொடுத்தவர் மாதக் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறார். அது நீட்டிப்பு ஆகாது.

வெளிநாடுகளில்

அடுக்குமாடி வீடுகளின் குத்தகை நீட்டிப்பு மிகுதியாகப் பேசப்படும் நாடு இங்கிலாந்து. அங்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள வீட்டுக் குத்தகைதாரருக்கு, எஞ்சிய காலத்தோடு மேலும் 90 ஆண்டு சேர்த்துப் பெறும் உரிமையை அளித்தது. உடைமையாளர் மறுக்க இயலாது. உரிய விலை மட்டும் பெறுவார். நீட்டித்தபின் மனை வாடகை ‘ஒரு மிளகு’. நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய மிளகு, அவர்களுடைய சட்டத்தில் வாடகை ஏதுமில்லை என்பதற்குக் குறியீடாக இன்றும் வாழ்கிறது! எஞ்சிய காலம் 80 ஆண்டிற்குக் கீழே இறங்கினால் விலை ஏறும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே விவரம் அறிந்தோர் எண்பதைத் தொடுமுன் நீட்டித்துவிடுவர். 2024இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பிற்கும், அந்த எண்பதாண்டு விதியை நீக்குவதற்கும் வகை செய்தது. அதன் பகுதிகளைச் சிறிது சிறிதாகவே நடைமுறைக்குக் கொணர்கின்றனர். வாங்கி ஈராண்டு கழிந்தபின்னரே நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு 2025 ஜனவரி இறுதியில் நீங்கிற்று.

சிங்கப்பூர் இதற்கு மறுகோடி. காயல்பட்டினம், நாகூர், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர்க் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் அங்கே அரசு வீடமைப்புக் கழக அடுக்ககங்களில் வாழ்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை 99 ஆண்டுக் குத்தகையே. காலம் முடிந்தால் வீடு அரசைச் சேரும். கேலாங் லோரோங் 3 என்னும் தெருவில் 1960இல் தொடங்கிய 60 ஆண்டுக் குத்தகை மனைகள் 191 இருந்தன. 2017இலேயே அரசு அறிவித்துவிட்டது, நீட்டிப்பு இல்லை என்று. 2020 டிசம்பர் 31 அன்று அம்மனைகள் அரசிடம் திரும்பின, இழப்பீடு இல்லை. அதற்கிடையே, 2019 மே முதல், வீடு வாங்குவோரின் 95 வயது வரை குத்தகைக் காலம் நீடிக்குமா என்பதைப் பொறுத்து அவர்களுடைய சேமநிதிப் பயன்பாட்டை அந்நாடு வரையறுத்தது. கடுமையான முறைதான். ஆனால் முடிவு நாளை அங்கே எவரும் மறைக்கவில்லை.

நம் நாட்டில் தில்லி வளர்ச்சி ஆணையம் 1992 முதல் தன் குத்தகை அடுக்கக வீடுகளை, கட்டணம் பெற்று, முழு உடைமையாக மாற்றித் தந்தது. அது அரசு நிலம். அரசு விரும்பிச் செய்தது. தனியார் நிலத்தில் அமைந்த அடுக்ககத்திற்கு, உடைமையாளர் விரும்பாவிடினும் நீட்டிப்பைப் பெற்றுத் தரும் இங்கிலாந்து போன்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

குத்தகை மனையில் தாமே வீடு கட்டியோருக்குச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் பழைய அரண். 1922 முதல் அது உள்ளது. வெளியேற்றப்படும் முன் கட்டடத்திற்கு ஈடு கோரவும், தகுதியுடையோர் மனையை விலைக்குக் கேட்கவும் வகைசெய்தது. ஆனால் பிறர் கட்டிய அடுக்ககத்தில் ஒரு வீட்டைப் பெறுவோர்க்கு அது பயன்படாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் முதலிய சமய நிறுவனங்களின் நிலத்திற்கு 1996ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்துவிட்டது.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு சொல். வக்ஃபு மனைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போரும், அவற்றை நிருவகிக்கும் முத்தவல்லிகளும் ‘எழுதிக் கொடுத்தால் போதும்’ என்றே எண்ணி வந்துள்ளனர். 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, மூன்று ஆண்டிற்கு மேற்பட்ட குத்தகை செல்லாது என்றது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகம், கல்வி, மருத்துவம் ஆகிய நோக்கங்களுக்கு மாநில அரசின் ஒப்புதலோடு 30 ஆண்டு வரை இடமளித்தது. ஆதலின் முத்தவல்லி ஒருவர் வாய்மொழியாகவோ வெள்ளைத் தாளிலோ தரும் நெடுங்கால நீட்டிப்பு, பெறுபவரையும் காவாது. வக்ஃபுக்கும் வருவாய் தாராது. குறைந்த வாடகைக்கு நீட்டித்துக் கொடுப்பது இரக்கம் போலத் தோன்றும். அவ்வருவாய் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அந்த ஏழைக்கும் அனாதைக்கும் அது இரக்கமன்று.

வேர் எங்கே?

நம் மாணவரின் பத்திரத்திற்குத் திரும்புவோம். ‘லாம்’ ஒருபுறமிருக்க, அதில் மற்றொரு குறையும் இருந்தது. அடுக்ககத்தைக் கட்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். 2009இல் நிலவுடைமையாளரிடமிருந்து 33 ஆண்டுக்குக் குத்தகை பெற்றுக் கட்டியிருக்கிறார். பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் முன்வரலாறு என்ற பகுதியில் அது கூறப்பட்டிருந்தது. பத்திரத்தில் முன்வரலாற்றைப் படிப்பவர் எத்தனை பேர்? 2009உடன் 33ஐக் கூட்டினால் 2042. மாணவருக்கு 2024இல் கொடுக்க முன்வந்ததோ முப்பது ஆண்டு, அதாவது 2054 வரை. தன்னிடம் இல்லாத பன்னிரண்டு ஆண்டைக் கட்டியவர் எவ்வாறு கொடுப்பார்? மேற்குத்தகை முடிந்தால் உள்குத்தகையும் அதனோடு சாயும். பணம் முப்பது ஆண்டுக்கு. கையில் உண்மையாக இருப்பது பதினெட்டு.

இவ்வட்டாரத்து அடுக்ககங்களுள் பெரும்பாலானவை மனையின் பிரிபடாத பாகத்தோடு கிரயமாக விற்கப்படுபவை. அவற்றில் இச்சிக்கல் எழாது. ஐயம் எழவேண்டிய இடம், விலை பாதியாக இருக்கும்போதுதான். அப்போது நிலத்தின் மூலப் பத்திரத்தையும், பதிவு செய்யப்பட்ட மேற்குத்தகைப் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால், பதிவான குத்தகை அதில் தெரியும். பின்னர் முடிவு நாளைக் கணக்கிட்டு, அந்நாளில் தமக்கு என்ன வயதாகும், பிள்ளைகள் எந்த நிலையில் இருப்பர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். குத்தகை வீடு வாங்குவது தவறன்று. பதினெட்டு ஆண்டிற்குரிய விலைக்குப் பதினெட்டு ஆண்டை வாங்குவது நேர்மையான வாணிகமே. முப்பதின் விலைக்குப் பதினெட்டைப் பெற்று, எஞ்சியதை ‘லாம்’ என்னும் ஈற்றின்மேல் ஏற்றி வைப்பதுதான் இழப்பு.

வீட்டை உடைமையாகக் கொள்ளாது வாடகைக்கு வாழ்வதும் இழிவன்று. வல்லம் வடகாலில் சிப்காட் நிலத்தில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டு 17இல் திறக்கப்பட்டது. அங்கே தங்குவோர் எவரும் அதனைத் தம் சொத்தென்று எண்ணிச் சேமிப்பை இழப்பதற்கு இடமில்லை.

அன்றிரவு மாணவரிடம், "தம்பி, ரெண்டு கேள்வி மட்டும் நாளைக்குக் கேளுங்க. நில உடைமையாளர் உங்க பத்திரத்துல கையெழுத்துப் போடுவாரா? ‘புதுப்பிக்கலாம்’ங்கறத ‘புதுப்பித்துத் தரக் கடமைப்பட்டவர்’னு மாத்தி, காலத்தையும் வாடகைக் கணக்கையும் எழுதுவாங்களா? அதுக்கப்புறம் ஒரு வழக்கறிஞர்கிட்டக் காட்டிட்டுப் பணத்தக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். முதற் கேள்விக்கு, உடைமையாளர் வெளிநாட்டில் இருப்பதாக மறுமொழி. இரண்டாம் கேள்விக்கு, அச்சடித்த பத்திரத்தில் எழுத்தை மாற்றும் வழக்கமில்லை என்றார்களாம். அவர் முன்பணம் கொடுக்கவில்லை. படப்பையிலேயே வாடகை வீடொன்றில் பெற்றோருடன் குடியேறியிருக்கிறார். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.